அந்தக் கீயைப் படிப்பது யார்?

11 டீம்களுக்கும் பொதுவான எங்கள் யாம்ல் ஃபைலில் (புரோகிராம்கள் படிக்கும் செட்டிங்குகளை எழுதி வைக்கும் ஃபைல்) இருந்து ஒரு கீயை, அதாவது ஒரு செட்டிங்கை, தூக்கினேன். ஒரு வேலை தோற்றால் எத்தனை முறை ரீட்ரை (மறுமுயற்சி) செய்யலாம் என்று சொல்லும் கீ. எங்கள் கோட் இருக்கும் எல்லா ரெப்போவிலும் தேடிப் பார்த்தாயிற்று, ஓர் இடத்திலும் அந்தப் பெயர் இல்லை. ரிவியூவில் இரண்டு பேர் சரி என்றார்கள். 19 நாள் சத்தமே இல்லை. மாதக் கடைசி இரவு, கணக்கு முடிக்கும் ஜாப் (தானாக ஓடும் புரோகிராம்) படுத்துவிட்டது.

அந்த ஜாப் கீயின் பெயரை எங்கும் முழுதாக எழுதவில்லை. சர்வீஸ் பெயரோடு 'ரீட்ரை' என்று ஒட்டி, ஓடும்போதுதான் பெயரையே உண்டாக்கும். தேடலில் எப்படிச் சிக்கும்? கீ இல்லாவிட்டால் ரீட்ரை ஜீரோ என்று வேறு எழுதி வைத்திருந்தார்கள். நெட்வொர்க் ஒரே ஒரு தடவை தடுமாறியது, அவ்வளவுதான்.

இனி அந்த ஃபைலில் எந்த மாற்றத்துக்கும் மூன்று சீனியர்கள் ஒப்புதல் தர வேண்டும் என்று முடிவானது. எனக்கு உடன்பாடில்லை, ஆனால் தப்பு என்னுடையது, வாயை மூடிக்கொண்டேன். ஒப்புதலுக்கு நாலு நாள் ஆனது. பொறுமை இல்லாதவர்கள் மதிப்பைத் தங்கள் கோடிலேயே எழுதிக்கொண்டார்கள். பொது ஃபைல் பத்திரமாக இருந்தது, நம்பத்தான் ஆளில்லை.

அப்புறம் கோட்ஓனர்ஸ் வந்தது, எந்த ஃபைலுக்கு யார் பொறுப்பு என்று எழுதும் பட்டியல். ஃபைலைப் பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு டீம் பொறுப்பு. கோட் வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் ஒரு ஃபைலுக்கு இந்தப் பட்டியலின் பல வரிகள் பொருந்தினால் கடைசி வரிதான் செல்லும். ஒருவர் அடியில் எல்லா ஃபைலுக்கும் பொருந்தும் ஒரு நட்சத்திரக் குறி வரியைச் சேர்க்க, அத்தனை பேர் பொறுப்பும் ஒரே டீம் தலையில் விழுந்தது!

யார் மாற்றினார்கள் என்பதை மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் சொல்லிவிடும். யார் படிக்கிறார்கள் என்பதைத்தான் எதுவும் சொல்வதில்லை. 2024 ஜூலையில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் அப்டேட் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைச் சாய்த்ததும் இந்த ஜாதிதான்: வந்த உள்ளடக்கம் 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, படிக்கும் கோடிடம் இருந்தது 20.

அதனால் இப்போது யாரும் ஃபைலை நேரே திறக்க முடியாது. ஒரு லைப்ரரி (எல்லா டீமும் பயன்படுத்தும் பொதுக் கோட்) வழியாகத்தான் கேட்க வேண்டும், டீம் பெயரைச் சொல்லி. 35 நாள் யாரும் கேட்காத கீயைத்தான் நீக்கலாம். இடையில் ஒரு மாதக் கடைசியாவது வந்துவிடும். ஆண்டுக்கொரு முறை ஓடுபவற்றுக்குக் கையால் எழுதிய பட்டியல்தான், வேறு வழி தெரியவில்லை.

அந்த லைப்ரரி தந்த முதல் அறிக்கையில் ஒரு கீயை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். டீம் பெயரைப் பார்த்தேன். இரண்டு வருஷம் முன்பே கலைத்துவிட்ட டீம். அப்படிக் கேட்கும் சர்வர் எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.