கயிறு தாங்கும் எடை

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடுகளில் பேச்சு தமிழ்தான். வேலை என்று வந்தால் தமிழும் மலையாளமும் கலந்தே ஓடும். சித்தூர் தாலுகாவில் ஒரு களரியில், அதாவது களரிப்பயிற்று என்னும் சண்டைக்கலை பழகும் கூடத்தில், சவிட்டி உழிச்சில் கற்றுக்கொண்டேன். இப்போது அதுதான் என் தொழில். காலால் எண்ணெய் தேய்த்து உடம்பை நீவிவிடும் வேலை. களரிப்பயிற்று பழகுகிறவர்களின் உடம்பை இளக்குவதற்காக வளர்ந்த முறை இது. கதகளி கற்கும் பிள்ளைகளுக்கும் மழைக்காலத்தில் ஆசான்மார் காலால் உழிவார்கள்.

வெளியாட்கள் இதை முதுகில் ஏறி மிதிப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். விளம்பரப் படங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. உத்திரத்தில் கட்டிய கயிறு இல்லாமல் இந்த வேலையே இல்லை. படுப்பவர் தரையில் பாய்மேல் குப்புறப் படுத்திருப்பார். நாம் ஒரு காலைப் பாயில் ஊன்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு காலை இடுப்பில் வைத்து முதுகின் ஓரமாக ஏற்றி, தோளைக் கடந்து கைவிரல் நுனிவரை ஒரே இழுப்பாகக் கொண்டுபோக வேண்டும். அப்புறம் அதே வழியில் திரும்பி, தொடை, கெண்டைக்கால், குதிகால் என்று கால்விரல் வரை. நடுவில் எங்கேயும் பாதம் நின்றுவிடக் கூடாது. நம் எடையில் எவ்வளவு அந்த உடம்பில் இறங்கலாம் என்பதை முடிவு செய்வது கயிற்றைப் பிடித்த கை. அதனால் முதலில் வலிப்பதும் காலல்ல, தோள்பட்டைதான்.

தண்டுவடத்தின்மேல் பாதம் போகாது; அதன் இரண்டு பக்கமும்தான். முழங்கால் மடிப்பில் சும்மா தடவிப் போகும். அடி பட்டால் ஆபத்தான உயிர்நிலை இடங்களை மர்மம் அல்லது வர்மம் என்பார்கள். பழைய ஆயுர்வேத ஆசிரியர் சுசுருதர் 107 மர்மங்கள் சொல்கிறார், கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் 108 வர்மம் என்பார்கள். கணக்கு எப்படியோ, அந்த இடங்கள் வந்தால் பாதம் தானாக இளக வேண்டும். ஒவ்வொன்றையும் கண்ணால் தேடிக்கொண்டிருக்க நேரமிருக்காது. பாதத்துக்கு அந்த அறிவு வர, பாதம் முதலில் மெத்தென்று இருக்க வேண்டும். பித்தவெடிப்போடு வந்தால் குருக்கள் (களரி ஆசானை அப்படித்தான் சொல்வோம்) கயிற்றைத் தொட விடமாட்டார். ராத்திரி வெந்நீரில் ஊறவைத்து, தேய்த்து, நல்லெண்ணெய் பூசிப் படுப்பது இன்றைக்கும் என் வழக்கம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தயக்கம் வேறு. தெரியாமல் ஒருவர்மேல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஆட்கள் நாம். சித்தூர் கள்ளுக்குப் பேர்போன ஊர். தென்னையேறும் பெரியவர் ஒருவர் வந்து படுத்தார், என் அப்பா வயது. தரையைத் தொட்டுக் கும்பிட்ட பிறகும் எனக்குக் கால் எழவில்லை. அவர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "வையுங்க தம்பி. நானும் மரத்தைக் கும்பிட்டுட்டு அதுமேலதான் காலை வெக்கறேன்."

அவருடைய வலது தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் சதை முறுக்கிய நார்போல இறுகிக் கிடந்தது. பாளை சீவும் கை அது. சூடான எண்ணெயோடு உள்பாதம் அதன்மேல் போகும்போது முதலில் தடுக்கி ஏறும். மறுபடி மறுபடி போகப்போக அந்த மேடு அமிழ்ந்து பரவுவது பாதத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவர் மூச்சும் நீண்டது. "வலிக்குதுங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க, இன்னுங் கொஞ்சம் இறக்குங்க" என்றார். நான் இறக்கவில்லை. கேட்கிற அளவுக்கெல்லாம் எடையை இறக்குவது இந்த வேலை அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

காய்ச்சல்காரர், கர்ப்பிணி, நரம்பு சுருட்டிய காலுள்ளவர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். மற்றவர்களுக்கு ஆடி மாதம், மலையாளத்துக் கர்க்கடகம்தான் நல்ல காலம். மழையில் உடம்பு இளகியிருக்கும், எண்ணெய் பிடிக்கும் என்பது களரிக்காரர்களின் கணக்கு. 7 நாள் அல்லது 14 நாள் உழிச்சில். அது முடிந்ததும் அதே அளவு நாள் பத்தியமும் ஓய்வும். பகலில் தூங்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. ஒரு மணி நேரம் படுத்துவிட்டு அப்படியே கார் ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

பாளையை ஒரு நாள்கூடச் சீவாமல் விட முடியாது என்பதால், அந்தப் பெரியவர் தன் மரங்களை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஓய்வு நாட்களுக்கும் சேர்த்தே பேசி வைத்திருந்தார். இப்போது யார் வந்தாலும் எங்கே வலி என்பதற்கு முன்னால் நான் கேட்பது அதைத்தான்: முடிந்ததும் ஓய்வெடுக்க நாள் இருக்கிறதா? இல்லையென்றால், சரி, அடுத்த ஆடிக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.