குளச்சல் காற்றுக்கு எந்த இரும்பு?

புதுசாக வாங்கிய கத்தியின் பெட்டியில் ‘ஹன்டிங் நைஃப்’ என்று போட்டிருந்தது. வேட்டைக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு அந்த ஆசை யாருக்கு இருந்தாலும் மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். என் வேட்டை சந்தையில் வாங்கும் சாளையோடு சரி. ஆனால் மழை விட்ட மாதங்களில், குலசேகரம் பக்கம் மச்சானின் ரப்பர் தோட்டத்தில் டார்ப்பாய் கட்டி நாங்கள் மூன்று பேர் ராத்தங்குவோம். விறகு கீற, மூங்கில் தறிக்க, மரச்சீனித் தோல் உரிக்க, கோழி அறுக்க எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி போதும் என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு.

அது டி2 என்ற வகை உருக்கு. “துருவே பிடிக்காது” என்று சொல்லித்தான் விற்றார்கள். என் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். புது ஜன்னல் கொக்கியே ஒரு வருஷத்தில் இளித்துவிடும் ஊர். தோல் உறையோடு அலமாரியில் வைத்த கத்தியை ஒரு வாரம் கழித்து உருவினேன். அலகு முழுக்கக் கடுகு தூவியது போலச் செம்புள்ளிகள்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். டி2-வில் குரோமியம் சுமார் 12 சதவீதம் இருக்கிறது. ஆனால் கார்பனும் ஒன்றரை சதவீதம். அந்தக் கார்பன், குரோமியத்தில் நல்ல பங்கைப் பிடித்துக் கடினமான துகள்களாக்கிவிடும். துருவைத் தடுக்க மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அந்தத் துகள்களால்தான் கூர் நாள்கணக்கில் நிற்கிறது. அதே துகள்களால்தான் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, உடைகிறது. காய்ந்த மூங்கில் கணுவில் நான் இரண்டு போடு போட்டதும் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது. வீட்டுச் சாணைக்கல்லில் அதைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போயிற்று.

மச்சான் சிரித்துக்கொண்டே தன் வெட்டுகத்தியை எடுத்து அந்த மூங்கிலைத் தறித்துப்போட்டான். லாரிப் பட்டையில், அதாவது லாரியின் ஸ்பிரிங் தகட்டில், அடித்தது. சரி, நமக்கும் ஒன்று அடிக்கலாம் என்று அவனுக்குத் தெரிந்த இரும்படிக்கும் ஆசாரியிடம் போனோம். படகு எஞ்சின் வேலை என் பிழைப்பு என்பதால் பழைய ஆயிலும் ஒரு கேன் கொண்டுபோனேன். அவர் பட்டையை விரலால் தடவி, கீறல் இருக்கிறதா என்று ஐந்து நிமிஷம் பார்த்தார். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பின்னால் அடிபடும்போது அங்கேதான் ஒடியுமாம்.

தோய்ச்சல் போடும் நேரம், அதாவது அலகைக் காய்ச்சி முக்கி இறுக்கும் நேரம், வந்ததும் சாக்கை இழுத்துக் கதவை மறைத்தார். “வெயில்ல நெறம் கள்ளம் சொல்லும் மக்கா.” சிரட்டைக்கரியில் அலகு ஆரஞ்சுப்பழ நிறத்துக்கு வந்தது. வாய்ப்பகுதியை மட்டும் ஆயிலில் முக்கி எடுத்தார், குப்பென்று புகை. உடனே உடைந்த சாணைக்கல் துண்டால் வாயைத் தேய்த்து வெள்ளையாக்கினார். முதுகிலிருந்த சூடு மெல்ல வாய்க்கு இறங்க இறங்க, அந்த வெள்ளையில் நிறம் ஓடியது. முதலில் இளமஞ்சள், அப்புறம் வைக்கோல், அப்புறம் பழுப்பு. பழுப்பு விளிம்பைத் தொட்டதும் மறுபடி முக்கினார். அந்தப் பழுப்பு கிட்டத்தட்ட 250 டிகிரி என்று நான் பிறகு புத்தகத்தில் பார்த்துக்கொண்டேன். அவரிடம் வெப்பமானி எதுவும் இல்லை.

உருக்கின் பெயரை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இந்த ஒரு நிமிஷத்தைப் பார்க்க வேண்டும். நல்ல உருக்கைத் தோய்ச்சலில் கெடுத்தால் அது தகரம்தான். லாரிப் பட்டையும் சும்மா இல்லை. சிலிக்கான், மாங்கனீசு சேர்ந்து வளைந்து நிமிரப் பழகிய உருக்கு. துரு பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். சக்கை, அதாவது பலா, வெட்டினால் கறுக்கும், மாங்காய் நறுக்கினால் நீலம் பாயும். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவினால் போதும். எங்கள் வீட்டில் அதற்கா பஞ்சம்?

மீனுக்கும் கோழிக்கும் மட்டும் நாலு அங்குல ஸ்டெயின்லெஸ் கத்தி ஒன்று தனியாக வாங்கினேன். சுவீடனின் சான்ட்விக் நிறுவனம் உருவாக்கிய 14சி28என் உருக்கு. குரோமியம் 14 சதவீதம்தான், டி2-வை விட இரண்டே கூடுதல். ஆனால் கார்பன் 0.62 மட்டும். அதனால் குரோமியம் பெரும்பாலும் அலகைக் காக்கவே மிஞ்சுகிறது. துகள்களும் சிறியவை, கல்லில் பத்து நிமிஷத்தில் கூர் வந்துவிடும். டி2 அளவுக்குக் கூர் நிற்காது. எனக்கு அது குறையாகப் படவில்லை. உப்புத்தண்ணீரில் கழுவி மறந்துபோன ஒரு ராத்திரிக்குப் பிறகும் புள்ளி விழவில்லை.

தோல் உறையை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டேன். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு அலகுக்கு ஊட்டுகிறது. அரையடி பிவிசி குழாயை அடுப்பில் வாட்டி, இளகியதும் இரண்டு பலகைக்கு நடுவே அமுக்கித் தட்டையாக்கி உறை செய்தேன். நுனியில் ஒரு ஓட்டை விட்டிருக்கிறேன், தண்ணீர் வடிய.