நாய் இல்லாத வைரவர்

ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குப் பிடித்த ஒரே இடம் டச்சு வகுப்புத்தான். அங்கே ஹீட்டர் நன்றாக வேலை செய்யும். அதோடு, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன கந்தோர், நொத்தாரிசு, போஞ்சி என்று எங்கள் வீட்டுச் சொற்களே கொஞ்சம் இழுத்த உச்சரிப்போடு வந்து முன்னால் நின்றன. கக்கூசின் கதையை மட்டும் நான் வகுப்பில் எடுக்கவில்லை.

தை மாதம் ஆசிரியை ஒரு படத்தின் போட்டோகொப்பியைத் தந்தார். டாம் சதுக்க அரண்மனையின் உச்சியில் இருக்கிற முக்கோணச் சிற்பம். 1655இல் நகர மண்டபமாகத் திறந்த கட்டடம் அது, அரண்மனையானது 1808இல். சிற்பி ஆர்டஸ் குவெலினஸ். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகுமே தவிர ஒன்றும் பிடிபடாது. நல்லகாலம், அவருடைய தம்பி ஹூபெர்டஸ் மண்டபத்துச் சிற்பங்களைச் செப்புத்தகட்டில் கீறி அச்சடித்து வைத்தார். வீட்டுப்பாடம்: படத்தைப் பார்த்து மூன்று வசனம்.

குசினி மேசையில் அம்மா நெத்தலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தா. படத்தை எட்டிப் பார்த்தா.

"ஆர் பிள்ளை இது, வைரவரோ?"

"எந்த வைரவர் அம்மா?"

"சூலம் வைச்சிருக்கிறாரெல்லே."

"அது நெப்டியூன். இவையளின்ரை கடல் தெய்வம்."

"அப்ப நாய் எங்கை?"

எங்கள் கிணற்றடி வேம்பின் கீழே ஒரு சூலம் நட்டிருந்தது. அதுதான் வைரவர், முகமெல்லாம் கிடையாது. அம்மா இத்தனை வருசம் கழித்து அதற்கு ஒரு தாடிக்கார முகத்தைக் கண்டுபிடித்துவிட்டா.

படத்தின் நடுவில் முடி சூடி இருப்பவள் ஆம்ஸ்டர்டாம் நகரமே. அவளுக்கு மரியாதை செய்யக் கடல் முழுக்கத் திரண்டு வந்திருக்கிறது. பரோக் என்கிற அலங்காரப் பாணிக்காரருக்கு வெறுமை பிடிக்காது போல. இடுப்புக்குக் கீழே மீனான ட்ரைட்டன்கள், கடற்கன்னியர், குதிரைகள் என்று ஒரே நெரிசல். கோயில் தேர்ச் சிற்பம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது உறுத்தவில்லை. ட்ரைட்டன்கள் சங்கு ஊதுகிறார்கள்.

"செத்தவீடோ?" என்றா அம்மா. ஊரில் சங்கும் சேமக்கலமும் கேட்டால் ஒழுங்கையால் பாடை வருகிறது என்று கதவைச் சாத்துவோம். இங்கே அதே ஊதல் வாழ்த்தொலி. சொன்னேன். தலையாட்டினா, நம்பவில்லை.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தா. "இது எங்கடை சங்கில்லை." அம்மாவின் தாய்மாமன் மன்னாரில் சங்கு குளித்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ட்ரைட்டன் பெயரிலேயே உள்ள சங்கு நீண்டு, வால் கூர்ந்து இருக்கும். எங்களுடையது திரண்டு கனத்த வெள்ளைக் கட்டி.

எங்கள் சங்கு இவர்கள் கைக்கு வர அதிக நாள் எடுக்கவில்லை. மண்டபம் திறந்து மூன்று வருடத்தில், 1658இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். மன்னார்க் கடலின் முத்தும் சங்கும் அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் சொத்தாயின. சங்கு, வளையல் அறுக்க வங்காளத்துக்குக் கப்பலேறியது. படத்திலோ கடல் தானாகவே வந்து கும்பிடுகிறது. மூச்சடக்கிக் குளித்தவன் ஒருவனும் அதில் இல்லை.

அந்தக் கட்டடம் நிற்பதே சேற்றில் அடித்த 13,659 மரக்குற்றிகளின் மேல். 365க்கு முன்னால் 1, பின்னால் 9 என்று பள்ளிப் பிள்ளைகள் நினைவு வைத்துக்கொள்வார்களாம். இதை ஆசிரியை சொன்னபோது, அம்மா கேட்கக்கூடியதை நானே கேட்டேன்: "தண்ணி ஊறாதோ?" குற்றி தண்ணீருக்குள்ளேயே இருந்தால்தான் உக்காது என்றார்.

வீட்டுப்பாடத்தில் எழுதினேன்: இவர் கடல் தெய்வம். இவர் கையில் சூலம் இருக்கிறது. இவரிடம் நாய் இல்லை.

இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. மூன்றாவது வசனத்துக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்பில் ஒரு கேள்விக்குறி.