எந்தத் தசை வேலை செய்கிறது? என் இடுப்புப் பயிற்சியின் 16 வாரங்கள்

இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். சென்ற ஆண்டு சித்திரைப் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போய் வந்த இரவிலிருந்து அது முடியாமல் போயிற்று. 14 கிலோமீட்டர் நடையில் குபேர லிங்கத்தைத் தாண்டும்போதே இடுப்பின் இடது ஓரத்தில், பாவாடை நாடா கட்டும் இடத்துக்கு ஒரு சாண் கீழே, துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் வலி தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் படுத்தால் எலும்பை யாரோ கட்டை விரலால் அழுத்துவது போலிருக்கும். வலது பக்கம் திரும்பிப் படுத்தாலும், மேலே இருக்கும் இடது கால் முன்னால் சரிந்தவுடன் அதே வலி.

எனக்கு வயது 54. பள்ளி ஆசிரியை. நாளைக்கு ஐந்து மணி நேரம் நின்றபடி பாடம் நடத்துகிறேன். முதலில் பார்த்த இடத்தில் முதுகுத் தண்டில்தான் பிரச்சினை என்றார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், பெல்ட் கட்டச் சொன்னார்கள், படங்கள் அச்சிட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வலி இருந்த இடத்தை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. ஒருக்களித்துப் படுத்து மேல் காலை 30 முறை தூக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. இரண்டு மாதம் ஒருநாள் விடாமல் செய்தேன். ஓரத்து வலி குறையவில்லை. தொடையின் முன்பக்க மேல்பகுதி மட்டும் கல் போல இறுகிக்கொண்டே வந்தது. இதை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்தப் பயிற்சியில் தவறில்லை. அதை நான் எப்படிச் செய்கிறேன் என்று ஒருவராவது பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

பிறகு, ஒரு கல்லூரியின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த இளம் பிசியோதெரபிஸ்ட் என்னைப் படுக்கவே சொல்லவில்லை. “டீச்சர், சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு இடது காலில் நில்லுங்கள். 30 விநாடி” என்றார். பத்தாவது விநாடியிலேயே வலி வந்துவிட்டது. பின்னால் நின்று பார்த்தவர், என் வலது பக்க இடுப்பு கீழே இறங்குவதாகச் சொன்னார். இந்த அறிகுறியை 1895-இலேயே ட்ரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் விவரித்திருக்கிறார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

ஒரு காலைத் தூக்கும்போது மறு காலின் இடுப்போரத் தசைதான் இடுப்பெலும்பு சாயாமல் இழுத்துப் பிடிக்கிறது. அதன் பெயர் குளூட்டியஸ் மீடியஸ். பிட்டத்தின் மேல்பக்க ஓரத்தில் விசிறி போல விரிந்து, கீழே தசைநாணாகக் குவிந்து, எனக்கு வலித்த அதே எலும்புத் துருத்தலில் ஒட்டுகிறது. உடலின் பாரம் மூட்டுக்கு வெகு தள்ளி விழுகிறது, தசையோ மூட்டுக்கு அருகிலிருந்து இழுக்கிறது. அதனால் உடல் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையோடு அது இழுக்க வேண்டியிருக்கிறது. என் எடை 68 கிலோ. கிரிவலப் பாதையில் எத்தனை ஆயிரம் அடி வைத்திருப்பேன், அத்தனை முறையும் அந்த நாண் இந்தப் பாரத்தைத் தாங்கியிருக்கிறது!

அடுத்த வாரம் அந்தப் பிசியோதெரபிஸ்ட், தசையின் மின்சாரத்தை அளக்கும் ஈ.எம்.ஜி. கருவியை வைத்துப் பார்த்தார். தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, இடுப்பின் ஓரத்தில் இரண்டு ஒட்டுமின்முனைகள், தொடையின் முன்பக்க மேல்பகுதியில் இரண்டு, எலும்பின் மேல் இன்னொன்று. ஊசி கிடையாது, வலியும் கிடையாது. தசை சுருங்கும்போது எழும் மைக்ரோவோல்ட் அளவு மின்சாரத்தைக் கருவி வாங்கித் திரையில் கோடாகக் காட்டுகிறது. முதலில் அவர் கையை எதிர்த்து முழு பலத்தோடு ஐந்து விநாடி காலைத் தள்ளச் சொன்னார். அப்படி மூன்று முறை. அதை 100 விழுக்காடாக வைத்துக்கொண்டுதான் மற்றப் பயிற்சிகளை அளப்பார்களாம். “ஆனால் டீச்சர், வலி இருக்கும்போது யாராலும் முழு பலத்தைக் கொடுக்க முடியாது. உங்கள் 100 உண்மையான 100 இல்லை. எண்ணைப் பார்க்காதீர்கள், எந்தக் கோடு முதலில் எழுகிறது என்று மட்டும் பாருங்கள்” என்றார்.

நான் வீட்டில் செய்வது போலவே காலைத் தூக்கினேன். மேல்கோடு, அதாவது குளூட்டியஸ் மீடியஸின் கோடு, சோம்பலாக அசைந்தது. கீழ்க்கோடு சட்டென்று உயர்ந்தது. அது டென்சர் ஃபேசியா லாட்டா என்ற முன்பக்கத் தசையுடையது. உடலைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கால் விரல்கள் கூரையைப் பார்க்க, காலை முன்பக்கமாகவே தூக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக வேலை செய்தது பக்கத்து வீட்டுத் தசை! அவர் என் இடுப்பைப் பிடித்து முன்னால் உருட்டினார். முழங்காலை நேராக்கி, குதிகாலைச் சற்றுப் பின்னால் தள்ளி, விரல்களைக் கொஞ்சம் தரையை நோக்கித் திருப்பினார். இப்போது கால் ஒரு சாண்கூட உயரவில்லை. ஆனால் மேல்கோடு எழுந்தது. எட்டாவது முறையில் பிட்டத்தின் ஓரம் எரிந்தது. அந்த எரிச்சலை அதுவரை நான் உணர்ந்ததே இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது, வலியால் அல்ல.

எந்தப் பயிற்சி அதிக விழுக்காடு காட்டுகிறதோ அதையே செய்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். 2009-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றைப் பற்றிச் சொன்னார். 21 ஆரோக்கியமானவர்களிடம் 12 பயிற்சிகளை அளந்ததில், குளூட்டியஸ் மீடியஸுக்கு முதலிடம் ஒருக்களித்துக் காலைத் தூக்குவதற்குத்தான்: 81 விழுக்காடு. ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுவது 64. சிப்பி திறப்பது போல முழங்காலை மடக்கித் திறக்கும் பயிற்சி 40-ஐ ஒட்டித்தான். ஆனால் 2013-இல் நுண்கம்பிகளைத் தசைக்குள்ளேயே செலுத்தி அளந்த இன்னோர் ஆய்வில், ரப்பர் பட்டை கட்டிச் செய்த அதே சிப்பிப் பயிற்சி முன்பக்கத் தசையை மிகக் குறைவாகவே எழுப்பியதால், பிட்டத் தசைகளைத் தனித்து வேலை வாங்குவதில் முன்னே வந்தது. முன்பக்கத் தசை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும் என்னைப் போன்றவருக்கு 81-ஐவிட 40 பொருத்தமாக இருக்கலாம்.

அதனால் சிப்பியில் தொடங்கினோம். முதல் இரண்டு வாரம் அசைவே இல்லாமல் இறுக்கிப் பிடிப்பதும் சிப்பியும் மட்டும். பிறகு சேதுபந்தாசனம் போல இடுப்பைத் தூக்குவது, முதலில் இரு காலில், ஏழாவது வாரத்தில் ஒற்றைக் காலில். முழங்காலுக்கு மேல் பட்டை கட்டிப் பக்கவாட்டில் நடப்பது. படியின் ஓரத்தில் நின்று இடுப்பை இறக்கி ஏற்றுவது கடைசியாகத்தான் வந்தது, ஏனென்றால் இறங்கும்போது நாண் எலும்போடு நசுங்குகிறது. இரவில் வலி கூடினால் மறுநாள் எண்ணிக்கையைக் குறைப்பேன். எட்டாவது வாரத்துக்குப் பிறகு கருவியை எடுக்கவில்லை. என் விரல்களையே அந்தத் தசையின் மேல் வைத்து, காலைத் தூக்கும் முன் அது இறுகுகிறதா என்று பார்க்கப் பழகிவிட்டேன்.

பயிற்சியைவிட எனக்குக் கடினமாக இருந்தது நிற்கும் பழக்கத்தை மாற்றுவதுதான். வகுப்பில் இடது காலில் முழு பாரத்தையும் போட்டு இடுப்பைத் தள்ளி நிற்பேன். சிறு வயதில் தண்ணீர்க் குடம் சுமந்ததும், பிறகு பிள்ளைகளை ஏந்தியதும் அதே இடுப்பில். கால்மேல் கால் போட்டு உட்காருவதையும் விட்டேன். முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்த முதல் வாரத்திலேயே இரவுத் தூக்கம் ஓரளவு திரும்பியது.

ஊசி போட்டுக்கொண்டால் சீக்கிரம் சரியாகும் என்று என் தம்பி வற்புறுத்தினான். இதே இடுப்போரத் தசைநாண் வலிக்கு ஆஸ்திரேலியாவில் 204 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வந்திருக்கிறது. எட்டு வாரத்தில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் பயிற்சியும் விளக்கமும் பெற்றோரில் 77 விழுக்காடு, ஸ்டீராய்டு ஊசி போட்டோரில் 58, இரண்டும் இல்லாமல் காத்திருந்தோரில் 29. அவனுக்கு இதைச் சொன்னேன். அதன் பிறகு அவன் கேட்கவில்லை.

16-ஆம் வாரம், கூட்டமில்லாத ஒரு ஞாயிறு அதிகாலை, மறுபடி திருவண்ணாமலைக்குப் போனேன். பாதித் தூரம்தான் என்பது பிசியோதெரபிஸ்டுடன் பேசி வைத்த கணக்கு. வருண லிங்கத்தில் விபூதி வாங்கிக்கொண்டு, கால் இன்னும் நடக்கிறேன் என்று சொன்னபோதே ஆட்டோவில் ஏறினேன். அன்றிரவு இடது பக்கம் படுத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் படுக்க முடிந்தது. அடுத்த மாதம் வாயு லிங்கம் வரை.