கேட்ல மாட்டுன கேக்கு

டிசம்பர் 31, சாயங்காலம் ஏழு மணி. தண்டையார்பேட்டைல அரைக்கிலோ கேக் வாங்கி பைக் டேங்க் மேல வெச்சுக்கிட்டு வரேன், கரெக்டா கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ட மூடிட்டாங்க. சரி கும்மிடிப்பூண்டி லோக்கல்தானே, ரெண்டு நிமிஷம்னு பாத்தா அது போச்சு, பின்னாலயே ஒரு கூட்ஸு, பொட்டி எண்ண ஆரம்பிச்சு முப்பத்தெட்டுல கணக்கு விட்டுப்போச்சு, அப்பப் பாத்து அது அங்கயே நின்னுடுச்சு.

ராயபுரத்துலேர்ந்து ரயில் ஓட ஆரம்பிச்சது 1856ல. அன்னிக்கு மாட்டுவண்டிய நிறுத்துன நம்மாளுங்க இன்னும் கிளப்பலன்னு நினைக்கிறேன்.

பக்கத்துல ஆட்டோ அண்ணன் ஆரம்பிச்சாரு. "இன்னா தம்பி, வர்ற வருசத்துக்கு இன்னா ஆசை?" பதிலும் அவரே சொல்லிட்டாரு. எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரிங்க ஒரே வரிசைல போவணுமாம், வேற ஒண்ணியும் வாணாமாம். காலி அன்னக்கூடையோட ஷேர் ஆட்டோல குந்தியிருந்த காசிமேட்டு அக்கா, "கொழாத் தண்ணி மனுசன் முழிச்சினுகீற நேரத்துல வரட்டும்பா, ராத்திரி மூணு மணிக்கு கொடத்தோட பேய் மாரி நிக்கிறேன்"னுச்சு. ஒரு ஸ்கூல் பையன் வேற, "மழைன்னா சப்வேக்கு உடனே லீவு வுட்டுர்றாங்க, எங்களுக்கு மட்டும் யோசிச்சி யோசிச்சி வுடுறாங்க"ன்னான். நியாயமான கேள்வி.

நான் சும்மா இருந்திருக்கலாம். "கேட்டு மூடுனதும் ரைட்டு சைடுல வந்து அடைக்கிறானுங்க பாருங்க, அவனுங்கள புடிச்சு உள்ள போடணும்க்கா, அவனுங்களாலதான் தொறந்தாலும் நவுர முடியல"ன்னு லெக்சர் அடிச்சேன்.

அக்கா என்ன மேலயும் கீழயும் பாத்துச்சு. "நீ எந்த சைடுல நிக்கிற தம்பி?"

ரைட்டு சைடு. அதுவும் மொத ஆளு. (கொஞ்சம் கேப் இருந்துச்சுங்க, எல்லாரும் பூந்தாங்க, நானும் பூந்தேன்.)

கேட்டு தொறந்துச்சு. எதிர்ல தண்ணி லாரி, பின்னால மீன்பாடி வண்டி, நடுவுல தண்டவாளத்து மேல நானும் கேக்கும். லாரிக்காரரு ஹாரன்லயே திட்டுறாரு, மீன்பாடி வண்டிக்காரரு வாயாலயே திட்டுறாரு. ஆட்டோ அண்ணன் லெஃப்ட்ல ஷோக்கா போயினே, "தம்பி, புடிச்சி உள்ள போட்ரலாமா?"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

வீட்டுக்கு வந்து தொறந்தா கேக்கு சப்பையா கெடக்கு, ஹேப்பி நியூ இயர் முழுக்க பொட்டி மூடில ஒட்டிக்கிச்சு, மொத ரெண்டு எழுத்து ஹெச்சும் ஏவும் மட்டும் மிச்சம். வீட்டம்மா எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க.

"ஹா... யாரப் பாத்துய்யா சிரிக்குது இது?"