தாய்லாந்தில் அம்மாவுக்கு என்ன கிடைக்கும்?

மே மாத விடுமுறையில் ஒரு வாரம் தாய்லாந்து போய் வந்தோம். நான், என் கணவர், 12 வயதுப் பையன், 8 வயதுப் பெண், அப்புறம் அம்மா. பாங்காக்கில் 3 நாள், சியாங் மாயில் 4 நாள். டிக்கெட் போட்ட நாளிலிருந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அம்மா சுத்த சைவமாச்சே, அங்கே போய் என்ன சாப்பிடுவார்? அம்மாவும் தன் பங்குக்குப் புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, பருப்புப்பொடி என்று பாதிப் பெட்டியை நிரப்பிவிட்டார். அதில் தப்பில்லை, வயதானவர்களுக்கு அது ஒரு தைரியம். ஆனால் ஏழு நாளும் ஓட்டல் அறையில் உட்கார்ந்து அதையே சாப்பிடவா அவ்வளவு தூரம் போவது? அந்த ஊர்ச் சாப்பாட்டை அம்மாவும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

முதல் நாளே சறுக்கியது. சுற்றுலாக்காரர்கள் நிறைந்த ஒரு உணவகம், மெனுவில் காய்கறி க்ரீன் கறி என்று போட்டுப் பக்கத்தில் பச்சை இலைப் படம். தேங்காய்ப்பாலும் குட்டிக் கத்தரிக்காயும் துளசி மாதிரி ஒரு இலையுமாகப் பார்க்கவே அழகாக இருந்தது. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, ஏதோ வாடை வருதே என்றார். கேட்டதற்குக் காய் மட்டும்தான் என்றார்கள். சமையல்கட்டு வரை போய் விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அரைத்த மசாலாவிலேயே கபி, அதாவது இறால் விழுது, சேர்ந்திருக்கிறது. அங்கே பெரும்பாலான கறி மசாலாக்கள் அப்படித்தான். மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் 'நாம் ப்ளா' என்ற சாறு அவர்களுக்கு, நமக்கு உப்பு மாதிரி, எதிலும் விழும். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு முடிக்கும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் பாங்காக்கின் சீலோம் பகுதியில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம், தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. திரும்பி வரும் வழியில் ஒரு சந்தில் மஞ்சள் நிறச் சின்னக் கொடி கண்ணில் பட்டது, அதில் சிவப்பில் தாய்லாந்து எழுத்து. பார்க்க 17 என்று எழுதினது போலவே இருக்கும். அதுதான் 'ஜே'. சைவம் சாப்பிடுகிறவர்களோடு தாய்லாந்து போகும் யாரும் இந்த ஒரு எழுத்தை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஜே என்றால் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை, அந்த 'நாம் ப்ளா'வும் இல்லை, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. சீன வழியில் வந்த விரத முறை, ஆண்டுக்கு ஒரு தடவை ஒன்பது நாள் விழாவாகவே கொண்டாடுகிறார்கள், புக்கெட்டில் அது ரொம்பப் பெரிசு. 'மங்சாவிரத்' என்று இன்னொரு சொல் இருக்கிறது, அதுவும் சைவம்தான், ஆனால் முட்டை வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் கஷ்டம். அந்தக் கடையில் பெரிய தட்டுகளில் பத்துப் பதினைந்து வகை வைத்திருந்தார்கள், கையைக் காட்டினால் சோற்றின் மேல் போட்டுத் தருவார்கள். டோஃபு, காளான், கீரை, ஒரு மஞ்சள் கறி. அம்மா இரண்டாவது தடவை சோறு கேட்டார். எனக்கு அப்போதுதான் பசியே எடுத்தது.

எங்களுக்கு, அதாவது மற்ற நாலு பேருக்கு, பிரச்சினையே இல்லை. சோம் தம் என்ற பப்பாளிக்காய் சாலட் போடுவதைப் பார்ப்பதற்காகவே என் பெண் ஒவ்வொரு வண்டி முன்னாலும் நின்றுவிடுவாள். ஆழமான மண் உரல், மர உலக்கை. பூண்டும் மிளகாயும் முதலில், பிறகு காராமணிக்காய், தக்காளி, பனைவெல்லம், எலுமிச்சை, கடைசியில் சீவின பப்பாளிக்காய். ஒரு கை இடிக்கும், இன்னொரு கை கரண்டியால் அடியிலிருந்து புரட்டிவிட்டுக்கொண்டே இருக்கும். நசுங்கக் கூடாது, சாறு மட்டும் இறங்க வேண்டும். எத்தனை மிளகாய் என்று விரலைக் காட்டிக் கேட்பார்கள். நம்ம காரம்தானே என்று என் கணவர் ஐந்து விரலையும் காட்டினார். தயவுசெய்து ஒன்றில் ஆரம்பியுங்கள். அவர் கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்து அந்தக் கடைக்கார அம்மாள் பதறிப்போய் வெள்ளரிக்காயும் முட்டைக்கோசும் அள்ளி வைத்தார். காரத்துக்கு அங்கே அதுதான் வைத்தியம், கூடவே கை நிறைய ஒட்டுச் சோறு. மூங்கில் கூடையில் வரும் அந்தச் சோற்றைக் கையால் உருட்டித்தான் சாப்பிட வேண்டும் என்றதும் பையனுக்கு ஏக சந்தோஷம்.

மற்றபடி அங்கே வலது கையில் ஸ்பூன், இடது கையில் ஃபோர்க், ஃபோர்க் தள்ளிவிடத்தான். சாப்ஸ்டிக் நூடுல்ஸுக்கு மட்டும். ஆளுக்கொரு தட்டுச் சோறு, கறிகள் நடுவில். எல்லாரும் ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூனாக எடுத்துப் போட்டுக்கொள்வார்கள், யாரும் தன் தட்டில் குவித்துக்கொள்வதில்லை. இரண்டு நாளில் என் பிள்ளைகள் கேட்காமலே பாட்டி தட்டில் முதலில் போடப் பழகிவிட்டார்கள், ஜே எது என்று பார்த்துப் பார்த்து.

சியாங் மாயில் காவ் சோய். தேங்காய்ப்பால் குழம்பில் முட்டை நூடுல்ஸ், மேலே அதையே பொரித்துப் போட்ட மொறுமொறு, பக்கத்தில் ஊறவைத்த கடுகுக்கீரை, சின்ன வெங்காயம், எலுமிச்சைத் துண்டு. இந்த மூன்றையும் போடாமல் சாப்பிட்டால் பாதி ருசிதான். ஒரு கிண்ணம் 60 பாட். நான் மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டேன்.

கடைசி நாள் காலை வாரோராட் சந்தைப் பக்கம் நடந்தபோது அம்மா சட்டென்று நின்றார். "ஏய், பணியாரக் கல்லுடி!" குழிகுழியாக இருந்த இரும்புக் கல், அதில் அரிசி மாவும் தேங்காய்ப்பாலும். கனோம் க்ரோக் என்று பெயர். மாவை ஊற்றி, ஓரம் முறுகினதும் மேலே கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு சொட்டு, சிலதில் சோளம், சிலதில் வெங்காயத்தாள். அம்மா என்னை விட்டுவிட்டு நேராக அந்த அம்மாளிடம் போய், விரலால் திருப்பிப் போடுகிற மாதிரி காட்டி, திருப்ப மாட்டீங்களா என்று தமிழிலேயே கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, கல்லின் மேல் ஒரு மூடியைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு நிமிடம் கழித்து மூடியை எடுத்து, ஸ்பூனால் வழித்து, இரண்டு பாதியை ஒன்றாகச் சேர்த்து உருண்டையாக்கி வாழையிலைத் தொன்னையில் வைத்துக் கொடுத்தார். அடி மொறுமொறு, உள்ளே கூழ் மாதிரி சூடு, இனிப்பும் உப்பும் சேர்ந்த ருசி.

20 பாட் கொடுத்தோம். அம்மா சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடி அந்த வண்டிப் பக்கம் போனார், கையில் இன்னொரு 20 பாட் நோட்டு. தொக்கு பாட்டில் திறக்காமலே ஊருக்குத் திரும்பி வந்தது என்று சொல்ல ஆசைதான், முக்கால் பாட்டில் காலி. ஆனால் பருப்புப்பொடி அப்படியே இருக்கிறது.