ஆச்சியின் சி.ஆர். கொப்பி

எங்கள் நீதிமன்ற அலுவலகத்தில் பழைய துப்பறியும் நாவல் ஒன்று கைமாறிக்கொண்டே இருந்தது. அட்டை எப்போதோ போய்விட்டது. ஒரு நேர்மையான நீதிபதி, ஊரை ஏய்க்கிற ஒரு பைனான்ஸ் முதலாளி. நீதிபதி நடுச்சாமத்தில் கிடங்குக்குள் இறங்கிக் கள்ளக் கணக்கைத் தேடி எடுப்பார். சுருக்கெழுத்தாளராகச் சேர்ந்த புதிதில் ஒரே இரவில் வாசித்து முடித்தேன். இப்போது சிரிப்புத்தான் வருகிறது. எங்கள் நீதவான் கிடங்குக்குள் இறங்கினால் அவரே சாட்சியாகிவிடுவார். வழக்கை வேறொருவர்தான் கேட்க வேண்டும்!

2009 கடைசியில் ஏ9 வீதியால் வாகனங்கள் தாராளமாக வரத் தொடங்கியதும், யாழ்ப்பாணத்தில் லீசிங் கம்பனிப் பலகைகள் முளைத்தன. மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் சனத்திடம் வைப்புப் பணம் எடுக்கக்கூடாது என்கிறது 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம். நான் சொல்லும் வழக்கின் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, பலகையே இல்லை. வெள்ளை வேட்டி, கோயில் வீதி, மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி.

சாட்சிக்கூண்டில் ஏறிய ஆச்சி கெட்டி அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பியை நெஞ்சோடு அணைத்திருந்தா. மகன் கனடாவிலிருந்து அனுப்பிய காசு. ஒவ்வொரு மாதமும் வட்டி கொடுத்ததை எதிரி தன் கையாலேயே எழுதி ஒப்பம் வைத்திருந்தார். பதினொரு வரிகள், நீல மை. பன்னிரண்டாவது வரிக்கு ஆச்சி திகதி மட்டும் போட்டு வைத்திருந்தா.

"ஏன் பற்றுச்சீட்டு வாங்கேல்லை?"

"கோயில் வாசல்ல வைச்சுத் தந்த காசுக்குத் துண்டு கேக்கிறதோ, ஐயா?"

அந்தக் கொப்பியை அவ ஆயுதமாக நினைத்து வந்தா. எதிரியின் சட்டத்தரணி அதையே கேடயமாக்கினார். தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவுக்கு, காசு வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்ட வேண்டும். வாங்கிய கடனைத் திருப்பித் தராதது மட்டும் மோசடியாகாது. "பதினொரு மாதம் ஒழுங்காக வட்டி கொடுத்தவருக்கு அப்படியென்ன எண்ணம்?" என்று கேட்டார். தட்டச்சு செய்த என் விரல் ஒரு கணம் நின்றது. அந்த வட்டி அடுத்த ஆச்சியின் முதற்காசிலிருந்து வந்தது என்று நான் நம்பினேன். என் நம்பிக்கைக்கு வழக்கேட்டில் இடமில்லை. நீதவானின் முகத்திலும் எதுவும் தெரியவில்லை.

வழக்கு விளக்கம் முடியுமுன்பே நீதவானுக்கு இடமாற்றம் வந்தது. அடுத்த தவணையன்று ஆச்சி என் மேசையடிக்கு வந்தா.

"புது ஐயாவுக்கும் முதலிலயிருந்து சொல்ல வேணுமோ, பிள்ளை?"

"பழைய சாட்சியத்தையே எடுப்பினமோ தெரியாது ஆச்சி, இண்டைக்குச் சொல்லுவினம்."

"கொப்பி பத்திரமோ?"

"பத்திரம்."